ஓஹியா லெஹுவா மரம் நலிந்தால்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

ஓஹியா மரத்தில் ஒரு கிளை காய்ந்ததும் தோட்டம் வைத்திருப்பவரின் கை கத்தரியைத் தேடுகிறது. பட்டுப்போன கிளையைக் கழித்துவிட்டால் மற்றவை தழைக்கும் என்பது மாமரத்திலும் செம்பருத்தியிலும் நாம் கற்ற பாடம். ஹவாயில், குறிப்பாக ஹவாய்த் தீவு என்றும் பெரிய தீவு என்றும் வழங்கப்படும் தென்கோடித் தீவில், இந்த ஒரு மரத்தின் முன் அந்தப் பாடத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். மரத்தைக் கொல்லும் பூசணம் காயத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. அந்தக் காயத்தைப் பல வேளைகளில் மரத்தின்மேல் அக்கறை கொண்டவரே உண்டாக்கிவிடுகிறார். ஆகவே இங்கே சொல்லப்படும் எந்த அறிகுறிக்கும் முதலில் பார்ப்பது, பிறகு மண்ணையும் நீரையும் சரிசெய்வது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் வெட்டுவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அதற்கும் முன்பாக, உங்கள் மரம் ஓஹியாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெட்ரோசிடெரோஸ் பாலிமார்ஃபா என்ற தாவரப்பெயர் கொண்ட ஓஹியா, ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் பசுமை மாறாத மரம். நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூவுக்கு லெஹுவா என்று பெயர். தூரத்திலிருந்து சிவப்புப் பஞ்சுக் குஞ்சம்போல் தெரிவது இதழ்களின் கூட்டம் என்று எண்ணத் தோன்றும். நாம் காணும் நிறம் முழுவதும் நீண்ட மகரந்தத் தாள்களுடையது. இதே இனத்தின் உறவான நியூசிலாந்தின் போஹுடுகாவாவும், தாஹிட்டி ஓஹியா என்ற பெயரில் நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் மெட்ரோசிடெரோஸ் கொல்லினாவும் ஹவாய்த் தோட்டங்களில் இருக்கின்றன. 'ஓஹியா ஆய்' என்று அழைக்கப்படும் மலை ஆப்பிள் நாவலுக்கு நெருங்கிய வேறொரு மரம். அதன் பழத்தை உண்ணலாம், ஓஹியாவின் காயோ தூசிபோன்ற விதைகள் நிறைந்த சிறிய உலர்ந்த பெட்டகம். கீழே வருபவை ஹவாயின் சொந்த ஓஹியாவுக்காகச் சொல்லப்படுபவை.

தலைப்பகுதி முழுவதுமோ ஒரு பெருங்கிளையோ சில வாரங்களில் பழுப்பாகிவிட்டது

அவசரமான அறிகுறி இது ஒன்றுதான் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். போன மாதம் வரை பசுமையாக நின்ற மரம் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மஞ்சளாகி, பின்பு பழுப்பாகி, காய்ந்த இலைகள் உதிராமல் கிளையிலேயே தொங்கி நின்றால், 'ஓஹியா விரைவுச் சாவு' என்று அங்கே அழைக்கப்படும் நோயை முதலில் ஐயப்பட வேண்டும். 2010-ஆம் ஆண்டளவில் பெரிய தீவின் பூனா மாவட்டத்து மக்கள், தங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள் காரணம் தெரியாமல் கூட்டமாக மடிவதைக் கண்டார்கள். 2014-இல் காரணம் செரட்டோசிஸ்டிஸ் வகைப் பூசணம் என்று தெரிந்தது. 2018-இல் அறிவியலாளர்கள் அதை இரண்டு புதிய இனங்களாகப் பிரித்து, ஹவாய் மொழிச் சொற்களைக் கொண்டே பெயரிட்டார்கள்: ஓஹியாவை அழிப்பது என்ற பொருளில் லுக்குவோஹியா, ஓஹியாவின் இயல்பை மாற்றுவது என்ற பொருளில் ஹுலியோஹியா. அதே 2018-இல் கவாய்த் தீவிலும், 2019-இல் மாவியிலும் ஓவாஹுவிலும் நோய் கண்டறியப்பட்டது.

இரண்டு பூசணங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. லுக்குவோஹியா, வேரிலிருந்து நீரை மேலேற்றும் வெளிறு என்ற வெளிமரப் பகுதியில் பரவி நீர்ப்பாதைகளை அடைத்துவிடுகிறது. அதனால் தலை முழுவதும் ஒரே சமயத்தில் வாடுகிறது. ஹுலியோஹியா மெதுவானது, பட்டைக்கு அடியில் புண்ணாகத் தொடங்கி, கிளை கிளையாக மரத்தை இழக்கச் செய்கிறது. இரண்டிலும் தோட்டக்காரரை ஏமாற்றும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. பூசணம் உள்ளே நுழைந்து பல மாதங்களுக்குப் பிறகே, சில வேளைகளில் ஓராண்டுக்கும் பிறகே, இலையில் அறிகுறி தெரியும். ஆகையால் பழுப்பு தெரிந்த வாரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசிப்பதில் பயனில்லை. சென்ற ஆண்டு அந்த மரத்தில் யார் எதை வெட்டினார்கள், புல்வெட்டியின் நைலான் இழை அடிமரத்தை எப்போது உரசியது, புயலில் எந்தக் கிளை முறிந்தது என்று நினைவுகூருங்கள்.

மரத்தை நெருங்கி மூன்றைப் பாருங்கள். ஒன்று, பழுப்பு மரம் முழுவதிலுமா, ஒரு கிளையிலா. இரண்டு, அடிமரத்தில் குண்டூசித் தலை அளவுத் துளைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற மரத்தூளும் இருக்கின்றனவா. நோயுற்ற மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகள் வெளித்தள்ளும் அந்தத் தூளில் உயிருள்ள பூசணம் இருக்கும், காற்று அதைக் கொண்டுசெல்லும். மூன்று, பட்டையில் பழைய காயம் உண்டா. நோயுற்ற மரத்தின் வெளிறில் கருமையான கறை ஆரங்களைப்போல் பரவியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அதைக் காண்பதற்காகப் பட்டையை நீங்களே சீவிப் பார்க்க வேண்டாம். மரம் வேறு காரணத்தால் வாடியிருந்தால், அந்தச் சீவலே நோய்க்குத் திறந்த வாசலாகிவிடும். கண்ணால் பார்த்து இந்த நோயை யாரும் உறுதிசெய்ய முடியாது. மரத்துண்டை ஆய்வகத்தில் சோதித்தே சொல்ல முடியும். ஒவ்வொரு தீவிலும் அயல் ஊடுருவி உயிரினங்களுக்கான குழு இருக்கிறது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும் இருக்கிறார்கள். நிழற்படத்தோடு அவர்களை அணுகினால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள், அல்லது அவர்களே வந்து எடுப்பார்கள்.

நோய் உறுதியானால் அந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து இல்லை. இதைச் சொல்ல மனம் வரவில்லை என்றாலும், பூசணக்கொல்லி என்ற பெயரில் யாராவது எதையாவது தெளித்துப் பணம் வாங்கிக்கொண்டு போகாமலிருக்கச் சொல்லியே ஆக வேண்டும். அதன்பின் உங்கள் கவனம் முழுவதும் பக்கத்து மரங்களின்மேல் இருக்கட்டும். பட்ட மரம் வீட்டின்மீதோ வழியின்மீதோ விழக்கூடுமானால் தேர்ந்தவர்களைக் கொண்டு வீழ்த்தி, மரத்தை அதே இடத்தில் வைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள். வெட்டிய மரத்தில் பூசணம் ஓராண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும். ஆகவே அதை விறகாகவோ கம்பமாகவோ வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவும் வேண்டாம், அரவை இயந்திரத்தில் இட்டுத் தூளாக்கிக் காற்றில் கலக்கவும் வேண்டாம்.

கருவிகளின் தூய்மையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் இதில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கத்தரி, ரம்பம், மண்வெட்டி எதுவானாலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் மரத்தூளையும் தூரிகையால் முழுவதும் நீக்கிய பிறகே 70 சதவீத ஆல்கஹாலைத் தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்த ஆல்கஹால் அழுக்கின் அடியிலிருக்கும் பூசணத்தைத் தொடாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். காலணியின் அடிப்பள்ளங்களுக்கும் இதே முறைதான். காட்டுக்குள் சென்றுவந்த உடைகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். சேற்றுவழியில் போய்வந்த வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். இந்த நோய்க்காக 2015 முதல், பெரிய தீவிலிருந்து ஓஹியாச் செடியையோ அதன் எந்தப் பகுதியையோ மண்ணையோ அனுமதியின்றி மற்றத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. பக்கத்துத் தீவிலுள்ள நண்பருக்கு ஆசையாக ஒரு நாற்று எடுத்துப்போவது அந்தத் தீவின் காட்டையே பணயம் வைப்பதாகும்.

நலமான மரத்தில் தவிர்க்க முடியாமல் ஒரு கிளையை எடுக்க நேர்ந்தால், வெட்டுவாயைக் காயப்பூச்சு கொண்டு உடனே மூடிவிடுங்கள். மற்ற மரங்களில் வெட்டுவாய்க்குப் பூச்சு தேவையில்லை, அது காற்றாடக் காய்வதே நல்லது என்று மரவியல் அறிந்தவர்கள் இன்று சொல்கிறார்கள். ஓஹியா இந்த நோயினால் அதற்கு விலக்காகிவிட்டது. லெஹுவாப் பூவைப் பறித்தால் மழை பெய்யும் என்பது ஹவாய் மக்களின் பழைய நம்பிக்கை. எரிமலைத் தெய்வமான பேலே தன்னை விரும்பாத ஓஹியா என்ற இளைஞனை மரமாக்க, அவன் காதலியான லெஹுவாவை மற்றத் தெய்வங்கள் அதே மரத்தின் பூவாக்கின என்றும், பூவைக் கொய்வது காதலரைப் பிரிப்பதால் வானம் அழுகிறது என்றும் கதை சொல்கிறது. கொய்யும் இடமும் ஒரு காயம்தான் என்பதை இன்றைய நோய் அந்தக் கதையோடு சேர்த்து நினைக்க வைக்கிறது.

மரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மெலிகிறது

இலைகள் சிறுத்து, உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாக மொட்டையாகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பாதியாகிவிட்டால், பெரும்பாலும் காரணம் மரத்தின் மேலே இல்லை, உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. பெரிய தீவின் பூனாவிலும் ஹீலோ நகரைச் சுற்றியும் புதிய எரிமலைப் பாறையின்மேல் மனை வாங்கி வீடு கட்டியவர்களின் தோட்டங்களில் இது மிகுதி. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறையில் முதலில் குடியேறும் மரங்களில் ஓஹியா முதன்மையானது. விரற்கடை அளவு மண்ணும் வெடிப்பும் அதற்குப் போதும். அதனாலேயே அதன் வேர்கள் ஆழம் போகாமல் பாறையின் மேற்பரப்பிலும் வெடிப்புகளிலும் பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவியிருக்கின்றன. மனையைச் சமன்செய்ய மண்தள்ளும் இயந்திரத்தை ஓட்டும்போது, அடிமரத்தைத் தொடாமல் சில அடிகள் விட்டு வேலை செய்ததாக உரிமையாளர் நிறைவடைகிறார். வேர்ப்பரப்பில் பாதி அன்றைக்கே அறுந்திருக்கும். மரம் தன் சேமிப்பைக் கொண்டு ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அது காயத் தொடங்கும்போது வீடு கட்டியதை யாரும் நினைப்பதில்லை.

இதற்கான சோதனை எளியது. வீட்டின் வழி, வண்டி நிறுத்தும் இடம், கொட்டிப் பரப்பிய எரிமலைச் சரளை, கழிவுநீர்க் குழி ஆகியவை அடிமரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒரு தாளில் வரையுங்கள். மரத்தின் தலை விரிந்திருக்கும் எல்லைக்குள் அவற்றில் ஏதாவது வந்திருந்தால், அந்தப் பக்கத்துக் கிளைகள் முதலில் மெலிந்தனவா என்று பாருங்கள். இறுகிய மண்ணைக் கிளறிவிட்டுத் திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். கிளறுவதே மிஞ்சிய வேரை அறுக்கும். வண்டியை அங்கிருந்து விலக்குங்கள், பின்னர் கொட்டிய மேல்மண் இருந்தால் கையால் மெதுவாக அகற்றுங்கள், அடிமரத்தைத் தொடாதபடி இலைச்சருகு மூடாக்கு இடுங்கள், மழையில்லாத வாரங்களில் நீர் விடுங்கள். மூடாக்கு மண்ணைக் குளிரவைப்பதோடு, புல்வெட்டி அருகே வருவதற்கான தேவையையும் நீக்கிவிடுகிறது. இரண்டாவது நன்மையையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பழைய மரங்கள் ஒரே வயதில் ஒன்றாக நலிவதும் உண்டு. 1970-களில் பெரிய தீவின் மழைப்பக்கச் சரிவுகளில் பரந்த ஓஹியாக் காடுகள் பட்டுப்போனபோது புதிய கொள்ளைநோய் வந்துவிட்டதென்ற அச்சம் எழுந்தது. ஒரே எரிமலைக் குழம்பின்மேல் ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் ஒன்றாக முதுமையடைந்து, வடிகாலற்ற மண் போன்ற நெருக்கடி வரும்போது ஒன்றாக மடிகின்றன என்று டீட்டர் முல்லர்-டொம்போய் என்ற தாவரவியலாளர் விளக்கினார். உங்கள் மனை இத்தகைய முதுகாட்டின் எச்சமாக இருந்தால், மெலிவு முழுவதும் உங்கள் குற்றமல்ல. கீழே இளங்கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்த்து அவற்றைக் களையிலிருந்து காப்பதே பயன் தரும் வேலை.

இளந்தளிரில் மஞ்சள் தூள் படிகிறது, தளிர் சுருங்குகிறது

மஞ்சள்தூளைத் தூவியதுபோலத் தளிரிலும் இளந்தண்டிலும் தெரிவது துருநோய். ஆஸ்ட்ரோபுக்சினியா சிடியை என்ற இப்பூசணம் 2005-இல் ஓவாஹுவில் முதன்முறையாகக் காணப்பட்டு, விரைவில் ஹவாயின் முக்கியத் தீவுகள் எல்லாவற்றுக்கும் பரவியது. அதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது பன்னீர் மணம் கொண்ட ஜம்பு மரமே. அது ஹவாயின் காடுகளில் பெருமளவில் அழிந்தது. வளர்ந்த ஓஹியா மரம் இதனால் சாவதில்லை. துன்பம் நாற்றங்காலில்தான்: நெருக்கி வைத்த தொட்டிகள், மாலையில் தலைமேல் தெளித்த நீர், இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் தளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாற்று உருக்குலைந்துவிடும்.

முதிர்ந்த இலையில் இந்தப் பூசணம் இறங்காது. ஆகையால் தளிர் விடும் சில வாரங்களைக் கடத்திவிட்டாலே போதும். தொட்டிகளை விலக்கி வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குங்கள், காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுங்கள், தழைச்சத்து மிகுந்த உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து மேலும் மேலும் மென்தளிரைக் கிளப்பி நோய்க்கு உணவு பரிமாறும்.

இலையில் முண்டுகள், அடியில் வெண்பஞ்சு, தண்டில் தொங்கும் வேர்: இவை நோயா?

பெரும்பாலும் இல்லை. இலைமேல் குழிகளாகவோ கிண்ணங்களாகவோ கூம்புகளாகவோ எழும் முண்டுகள், ஹவாயிலேயே தோன்றி ஓஹியாவை மட்டும் நம்பி வாழும் சிறு இலைப்பேன்களின் வீடுகள். பார்க்க அழகில்லாதவை என்பதைத் தவிர மரத்துக்குக் கேடில்லை. மருந்து அடித்தால் அவற்றை உண்ணும் நன்மை தரும் பூச்சிகளும் சேர்ந்து போகும், விட்டுவிடுங்கள்.

இலையின் அடிப்பகுதியில் சாம்பல் நிறமாகவோ வெண்மையாகவோ படர்ந்திருக்கும் மெல்லிய ரோமம் சாம்பல்நோய் என்று பலரால் தவறாகக் கருதப்படுகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். நோயென்றால் பொடி ஒட்டும், ரோமமென்றால் பஞ்சுபோல் மழமழவென்று நகரும். ஓஹியாவின் தாவரப்பெயரில் உள்ள பாலிமார்ஃபா என்பதற்குப் பல வடிவம் கொண்டது என்று பொருள். ஒரே இனத்துக்குள் வழவழப்பான இலையும் ரோம இலையும், முழங்கால் உயரப் புதரும் 25 மீட்டர் மரமும் இருக்கின்றன. செந்நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும் தளிரும் இயல்பானதே. லீக்கோ என்று அதற்குத் தனிப்பெயரே வைத்து, மாலைகளில் கோத்து மகிழ்ந்தவர்கள் ஹவாய் மக்கள். மழைப்பக்கத் தோட்டங்களில் தண்டிலிருந்து தாடிபோல் தொங்கும் வேர்கள் ஈரக்காற்றின் விளைவு. அவற்றையும் வெட்ட வேண்டாம்.

இலை மஞ்சள், நரம்பு பச்சை

இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஓஹியா புளிப்புத்தன்மை கொண்ட மண்ணை விரும்புவது. ஓவாஹுவின் எவா சமவெளிபோல் பவளச் சுண்ணாம்பு அடித்தளமாக உள்ள இடங்களிலும், புதிய காங்கிரீட் சுவரின் ஓரத்திலும், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. எனவே ஆணியைப் புதைப்பது, இரும்புத்தூளைத் தூவுவது போன்றவை உதவா. வேர் எளிதில் உறிஞ்சக்கூடிய செலேட் வடிவ இரும்பு உரத்தை இலையிலும் மண்ணிலும் கொடுத்தால் சில வாரங்களில் புதுத்தளிர் பச்சையாக வரும். ஆனால் அடித்தளம் சுண்ணாம்பாக உள்ளவரை ஆண்டுதோறும் இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், அத்தகைய மனையில் எரிமலைச் சரளையும் மட்கும் கலந்து மேடாக்கிய பாத்தியிலோ பெரிய தொட்டியிலோ வளர்ப்பதே மேல். கீழ் இலைகள், அதாவது முதிர்ந்த இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு கதை. பசுமை மாறாத மரமும் பழைய இலையை உதிர்த்தே தீரும்.

தொட்டியில் வைத்த செடி நீர் விட்ட பிறகும் துவள்கிறது

நீர் போதாமையும் நீர் மிகுதியும் இலையில் ஒரே மாதிரி தெரியும் என்பதால், மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக நழுவவிட்டு வேரைப் பாருங்கள். நுனி வெண்மையாகவும் மண்கட்டி வறண்டும் இருந்தால் தாகம். வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, புளித்த வாடை வீசினால் அழுகல். அழுகல் தொடங்கிய செடிக்கு நீரைக் குறைத்து, அடர்ந்த தோட்டமண்ணை நீக்கி, எரிமலைச் சரளை மிகுதியாகவும் மட்கு குறைவாகவும் உள்ள கலவைக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஹீலோவில் ஓஹியா செழிப்பதைக் காட்டி, நீர் எவ்வளவு விட்டாலும் தாங்கும் என்று சொல்வோர் உண்டு. அங்கே பெய்யும் மழை பாறை வெடிப்பின் வழியே அந்த நிமிடமே இறங்கிவிடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிலத்தில் நட்ட சில நாட்களில் துவண்டால், நடும்போது வேர்க்கட்டியைப் பிரித்ததே காரணமாக இருக்கும். மற்றச் செடிகளில் சுருண்ட வேரைப் பிரித்துவிடுவது வழக்கம். ஓஹியா அதைப் பொறுக்காது. கட்டி கலையாமல், கழுத்துப்பகுதி தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் இருக்கும்படி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். எந்த உயரத்து மரத்தின் வாரிசு என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் வரை ஓஹியா வளர்கிறது என்றால் ஒரே செடி எல்லா உயரத்திலும் வளரும் என்பது பொருளல்ல. குளிர்ந்த மலைச் சதுப்பில் பிறந்தது ஹொனலூலுவின் கடற்கரை வெயிலில் எவ்வளவு பராமரித்தாலும் ஏங்கியே நிற்கும்.

மரம் நலம், பூ இல்லை

பெரும்பாலும் நிழல், அல்லது வயது, அல்லது கத்தரி. நாள் முழுவதும் வெயில் படாத இடத்தில் இலை மட்டுமே வரும். விதையிலிருந்து வந்த கன்று பூக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். பூக்கும் மரத்திலிருந்து பதியன் எடுத்த செடி சீக்கிரம் பூக்கும். மொட்டு கிளை நுனியில் உருவாவதால், வேலிபோல் வடிவமாகக் கத்தரித்த மரத்தில் அடுத்த பருவத்துப் பூவே வெட்டுப்பட்டிருக்கும். கத்தரிப்பதை நிறுத்திப் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பூ வேண்டும் என்போர் விதையை நம்பாமல் பதியன் செடியை வாங்குவது நல்லது.

இலைமேல் கரி படிந்ததுபோல் கறுப்பு, தண்டில் எறும்பு வரிசை

கறுப்பு என்பது செதில்பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீரில் வளரும் கரும்பூசணம். எறும்பு அந்தத் தேனுக்காகச் செதில்பூச்சிகளைக் காக்கிறது. எறும்பின் வழியை முதலில் அடைத்துவிடுங்கள்; பிறகு பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலைத் தெளித்தால் பூச்சி குறையும், கறுப்பு மழையில் கழுவப்பட்டுவிடும். நுனிக்கிளை மட்டும் காய்ந்து அதில் ஊசித்துளை இருந்தால் கருங்கிளைத் துளைப்பான் வண்டாக இருக்கலாம். தென்னிந்தியாவின் ரொபஸ்டா காபித் தோட்டங்களில் கிளையைத் துளைத்துக் கெடுப்பதும் இதே வண்டுதான். அந்தச் சுள்ளியை மட்டும், தூய்மை செய்த கத்தரியால் நீக்கி அழித்து, வெட்டுவாயை மூடி, மரம் ஏன் நலிந்தது என்று தேடுங்கள். நலமான மரத்தையும் இந்த வண்டு தாக்கக்கூடும் என்றாலும், நலிந்த மரம் அதைத் தாங்குவது கடினம்.

விதை முளைக்கவில்லை, போத்து வேர்விடவில்லை

இளங்கிளைப் போத்துகள் வேர்விட மாதக்கணக்கில் ஈரக்காற்றும் பொறுமையும் வேண்டும். முதிர்ந்த மரத்தின் தடித்த போத்துகள் பெரும்பாலும் ஏமாற்றும். காற்றுப் பதியன் கூடுதல் உறுதியானது, ஆனால் அதற்குத் தாய்மரத்தின் பட்டையை வளையமாக உரிக்க வேண்டும். நோய் உலவும் பெரிய தீவில், ஒரு செடிக்காகத் தாய்மரத்தில் காயம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விதையே அங்கே சரியான வழி. ஹொனலூலுவின் லையன் தாவரத் தோட்டத்து விதை ஆய்வகம் நோய்க்கு அஞ்சி ஓஹியா விதைகளைச் சேமித்து வைப்பதும் இந்த வழியை நம்பித்தான்.

விதை முளைக்காததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒரு பெட்டகத்தில் நூற்றுக்கணக்கில் விதைகள் இருந்தாலும் பெரும்பாலானவை உள்ளே கரு இல்லாத வெறும் சக்கை; ஆகவே சிட்டிகை விதையைத் தூவி நான்கு நாற்று வந்தாலும் அது தோல்வியன்று. இரண்டாவது, புதைத்துவிடுவது. இந்த விதை முளைக்க ஒளி வேண்டும். நன்றாகச் சலித்த எரிமலைச் சரளையும் மட்கும் கலந்த பரப்பின்மேல் தூவி, மண்போட்டு மூடாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரத்தை ஏறவிடுங்கள். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் குவிந்துவிடும். மூன்றாவது, பழைய விதை. பெட்டகம் பழுப்பாகி வாய் திறக்கப்போகும் தறுவாயில் எடுத்துக் காகித உறையில் வைத்து, உறைக்குள்ளேயே அது வெடித்துச் சிதறியதும் சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும்.

முளைத்த பிறகு வரும் எதிரி பாசி. இரண்டு மூன்று வாரங்களில் பச்சைப்புள்ளியாகத் தெரியும் நாற்று மிக மெதுவாக வளர்வதால், எப்போதும் நனைந்திருக்கும் பரப்பில் பாசி அதை முந்தி மூடிவிடும். நாற்று தெரிந்ததும் தட்டை நீரிலிருந்து எடுத்து, மேற்பரப்பு லேசாக உலர்ந்த பிறகே மறுபடி நனையுங்கள். நான்கு இலை வந்ததும் மண்ணோடு சேர்த்துக் கரண்டி முனையால் தூக்கிச் சிறுதொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் சில மாதங்கள் வைத்துப் பழக்கிய பிறகு முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.